'வலிக்கலைங்கம்மா' என்று சொன்னவள்

போன செவ்வாய்க்கிழமை ஹெல்த் சென்டரிலிருந்து ஒரு நர்ஸ் பொண்ணு என் வீட்டுக்கு வந்தாள். அடுத்த வாரம் நாட்றம்பள்ளியில் லூப் போடுகிற முகாமாம். பிளாஸ்டிக்கில் பாம்பு மாதிரி வளைந்த ஒரு சின்னப் பொருளைக் கையில் வைத்துக் காட்டினாள். கர்ப்பப்பைக்குள் வைத்துவிட்டால் பிள்ளை தங்காது. பேர் கொடுத்த பெண்களில் பாதிப்பேர் பயந்துகொண்டு வரமாட்டேன் என்கிறார்களாம்.

"நீங்க அந்தக் காலத்துலயே இந்த வேலை பாத்தவங்களாமே ஆயாம்மா. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா நம்புவாங்க. எறும்பு கடிச்ச மாதிரிதான், வலிக்காதுன்னு சொல்லுங்க. அது போதும்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் வாயில் ஒன்றும் வரவில்லை. கோபம் வந்தால் மற்றவர்களுக்கு வாய் திறக்கும், எனக்கு அடைத்துக்கொள்ளும். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். "பாக்கலாம்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அவள் தெருமுனை திரும்பின பிறகு இந்த நோட்டை எடுத்தேன். நேரில் சொல்ல வராததை எழுதித் தருகிறேன். அந்தப் பொண்ணும் அவளோடு வேலை செய்கிறவர்களும் படிக்கட்டும். நான் அஞ்சாங்கிளாஸ் வரைக்கும்தான் படித்தவள். பிழை இருந்தால் இருக்கட்டும், விஷயத்தில் பிழை கிடையாது.

ஆம்பூரில் பெண்களுக்கு மட்டும் வைத்தியம் பார்க்கிற ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் ஆயா வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயசு, கட்டின புருஷன் செத்துப் போய் ஒரு வருஷம். அந்த ஆஸ்பத்திரியின் பேர் வேண்டாம், கட்டடமே இப்போது இல்லை. முதல் மூன்று வருஷம் துணி அவித்தேன், தரை கழுவினேன், மலச்சட்டி எடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும் என்பதால் பாட்டில்களுக்குச் சீட்டு எழுதி ஒட்டச் சொன்னார்கள். அப்படியே ஆபரேஷன் ரூமுக்குள் போனேன். முப்பது வருஷம் கழித்துத்தான் வெளியே வந்தேன்.

எங்கள் டாக்டரம்மா சீமைக்குப் போய்ப் படித்து வந்தவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கை கழுவும்போது ஒரு மணல் கடிகாரத்தைத் திருப்பி வைப்பார். மணல் முழுக்க இறங்குகிற வரைக்கும் முழங்கை வரை தேய்த்துக்கொண்டே இருப்பார். அந்த நேரத்தில் கூரை பிடுங்கிக்கொண்டு போனாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். ஒவ்வொரு கேசையும் தானே ஒரு நீல நோட்டில் எழுதுவார். கேசு முடிந்து, எழுதி, மை காய்ந்த பிறகுதான் காப்பி குடிப்பார்.

மயக்க மருந்து கொடுக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. கம்பவுண்டர் ஆம்பளை, அவரை உள்ளே விட எந்தப் பெண்ணும் சம்மதிக்க மாட்டாள். அதனால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. மூக்கையும் வாயையும் சுற்றி வாஸ்லின் தடவ வேண்டும், இல்லாவிட்டால் குளோரோபார்ம் பட்டுத் தோல் வெந்துபோகும். கம்பிக் கூட்டின் மேல் துணியை மடித்துப் போட்டு, முதலில் முகத்துக்கு இரண்டு விரல் மேலே பிடிக்க வேண்டும். ஒவ்வொரு சொட்டாக விட வேண்டும். இடது கையால் தாடையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். நாக்கு உள்ளே விழுந்தால் மூச்சு நின்றுவிடும். கழுத்து நாடியில் ஒரு விரல் இருந்துகொண்டே இருக்க வேண்டும். சொட்டு ஜாஸ்தியானால் ஆள் எழுந்திருக்காது, கம்மியானால் மேசையிலிருந்து குதித்துவிடும். முழு மயக்கம் வருவதற்கு முன்னால் நடுவில் ஒரு கட்டம் உண்டு. அப்போது தன் நினைவில்லாமல் பேசுவார்கள், பாடுவார்கள், திட்டுவார்கள். தோல் மண்டிக்கார சாயபு வீட்டு அம்மா ஒருவர், வீட்டில் வாயே திறக்காத மனுஷி. அவர் உருதுவில் தன் நாத்தனாரைத் திட்டின திட்டு இன்னும் என் காதில் இருக்கிறது. வெளியே யாரிடமும் அதை நான் சொன்னதில்லை.

இனி வளையம். பிள்ளை தங்காமலிருக்கக் கர்ப்பப்பைக்குள் வைப்பது, சீமையில் டாக்டரம்மா கற்றுக்கொண்டு வந்தது. மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுருட்டி வட்டமாக்கினது, கால் மெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. கடைத்தெரு ஆசாரி ஒருவன் சுருட்டிக் கொடுப்பான். எதற்கு என்று அவனுக்குத் தெரியாது. "டாக்டரம்மா வீட்டுல பொம்மைக்கு வளையல் போடுறாங்களா?" என்று என்னைக் கேட்டான். பிள்ளை பெற்றுப் பெற்று ரத்தம் செத்துப் போனவர்களுக்கும், இன்னொன்று பெற்றால் பிழைக்க மாட்டார்கள் என்கிறவர்களுக்கும்தான் டாக்டரம்மா அதை வைப்பார். வருஷத்துக்கு ஒரு முறை எடுத்துவிட்டுப் புதுசு வைக்க வேண்டும்.

வைக்கிற விதத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாரும் வெட்கப்பட்டுக்கொண்டு 'எறும்பு கடி' என்று சொல்வதால்தான் இவ்வளவும். முதலில் கர்ப்பப்பை வாயை ஒரு கொக்கி இடுக்கியால் கவ்விப் பிடிப்பார்கள். பிறகு ஆழம் பார்க்க ஒரு கம்பி உள்ளே போகும். பிறகு வாயை விரிக்கிற கம்பிகள், ஒன்றைவிட ஒன்று பருமனாக, நம்பர் போட்டது. "சவுந்தரம், நம்பர் நாலு. நம்பர் அஞ்சு. ஆறு." நான் எடுத்து எடுத்துக் கொடுப்பேன். ஒவ்வொரு நம்பருக்கும் அந்த உடம்பு எப்படி முறுக்கிக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும், தலைமாட்டில் நிற்கிறவள் நான். கடைசியில் வளையம். பத்து நிமிஷ வேலை. அந்தப் பத்து நிமிஷத்தை எறும்போடு சேர்த்துப் பேசுகிறவர்களை அந்த மேசையில் ஒரு தரம் படுக்க வைக்க வேண்டும்.

பெரிய வீட்டு அம்மாக்களுக்கு மயக்க மருந்து உண்டு. தோல் பதனிடுகிற ஷெட்டில் கூலிக்குப் போகிற பெண்களுக்குக் கிடையாது. முதலில் அப்படி ஒரு சட்டம் இருக்கவில்லை, கேட்டால் கொடுப்பார்கள்; இவர்களுக்குக் கேட்கத் தெரியாது. அது எப்படி வந்தது என்பதுதான் என் வயிற்றில் இத்தனை வருஷமாக எரிகிற நெருப்பு.

ஆபரேஷன் ரூமுக்கும் வராந்தாவுக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டிதான். அந்தப் பக்கம் மாமியார் உட்கார்ந்திருப்பாள். வெள்ளைப்படுதலுக்கு மருந்து வைக்கிறார்கள் என்று பொய் சொல்லித்தான் பெண்கள் மாமியாரை அழைத்து வருவார்கள்; பிள்ளையைத் தடுக்கிறது என்று தெரிந்தால் வீட்டில் விடமாட்டார்கள். ஆரம்பத்தில் அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் வலி பொறுக்காமல், "வளையம் வேணாம்மா, எடுத்துடும்மா" என்று கத்திவிட்டாள். வெளியே இருந்தவர்களுக்கு விஷயம் புரிந்துபோயிற்று. பயத்தில் கத்துகிறாள் என்றுதான் டாக்டரம்மா நினைத்தார்; வீட்டுக்காரர்கள் பாதியில் எழுப்பி இழுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த வருஷம் அவள் பிரசவத்தில் செத்தாள்.

அதிலிருந்து நான் ஒரு வழி செய்தேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, என் சொந்த புத்தி. என் தம்பி ஷெட்டில் வேலை செய்தான். ஆவாரம்பட்டையில் பதம் போட்ட ஆட்டுத்தோலின் கழிவுத் துண்டுகளைக் கொண்டுவரச் சொன்னேன். கொதிநீரில் போட்டால் சுருண்டு கல்லாகிவிடும். அதனால் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காய வைப்பேன், ஆளுக்கு ஒரு புதுத் துண்டு. நாலாக மடித்துப் பல்லுக்கு நடுவில் வைத்து, காதருகே குனிந்து சொல்வேன்: "கத்தாத கண்ணு. வெளிய மாமியா இருக்கா. கத்தாத."

டாக்டரம்மாவுக்கு இது தெரியாது. பெண்கள் கூச்சப்படக்கூடாது என்று மேசைக்குக் குறுக்கே கயிறு கட்டி, இடுப்புக்கு மேலே ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டிருந்தார்கள். அவர் அந்தப் பக்கம், நானும் அவள் முகமும் இந்தப் பக்கம். துணிக்கு அப்பாலிருந்து அவர் ஒவ்வொரு தடவையும் கேட்பார், "வலிக்குதா?"

வாயில் தோலை வைத்திருக்கிறவள் எப்படிப் பதில் சொல்வாள்? பதில் வராவிட்டால் டாக்டரம்மா கையை நிறுத்திவிடுவார், நேரம் இழுக்கும். சீக்கிரம் முடியட்டும் என்று ஒரு நாள், அவள் என் காதில் சொன்னதை எடுத்துச் சொல்கிற மாதிரி, நான் சொன்னேன், "வலிக்கலைங்கம்மா." அடுத்த நாளும் சொன்னேன். அப்புறம் அது என் வாயில் தானாக வந்தது. அவர் நோட்டில் எழுதினார்: வலி இல்லை.

ஒரு நாள் மதராஸிலிருந்து ஒரு பெரிய டாக்டர் பார்க்க வந்தார். டாக்டரம்மா நோட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டி, "இந்தப் பக்கத்துக் கூலிப் பெண்களுக்கு வலியே தெரியறதில்லை. தோல் ஊறப்போடுற சுண்ணாம்புக் குழியில நின்னு மரத்துப்போன உடம்பு. இவங்களுக்கு மயக்க மருந்து அநாவசியம்" என்றார். அவரும் தலையாட்டினார். நான் ட்ரேயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அன்றையிலிருந்து அது சட்டமாயிற்று.

பச்சையம்மா வந்தது அதற்குப் பிறகு. ஷெட்டில் சுண்ணாம்புத் தோலிலிருந்து மயிர் எடுக்கிற வேலை அவளுக்கு. விரல் நகங்கள் வெந்து பாதிதான் இருக்கும். ஆறு பெற்று இரண்டு தங்கினது. கடைசிப் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய், டாக்டரம்மாதான் பிழைக்க வைத்தார். "இன்னொன்னு வந்தா என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்று அவளிடமே சொல்லிவிட்டார். வளையம் வைக்க வந்தபோதும் அவள் தமாஷ் விடவில்லை. "கால்ல போடுற மெட்டிக்கே எம்புருஷனுக்கு வக்கில்ல. உள்ள போடுறீங்களா? நல்லா போடுங்க" என்றாள்.

நம்பர் நாலுக்கு வழக்கம்போல 'வலிக்கலைங்கம்மா' என்று நான் சொல்லியாயிற்று; நம்பர் ஐந்து போனபோது என் கையைப் பிடித்திருந்த அவள் பிடி தளர்ந்தது. முகம் சாம்பல் மாதிரி ஆயிற்று, நெற்றியெல்லாம் ஜில்லென்ற வேர்வை. நாடி விரலுக்குக் கிடைக்கவில்லை. துணிக்கு அப்பாலிருந்து, "வலிக்குதா?"

"வலிக்கலைங்கம்மா. ஆனா மயங்கிட்டா."

"சாப்பிடாம வந்திருப்பா. கால்மாட்டை உயர்த்து."

தோல் இரண்டு துண்டாகியிருந்தது. ஒரு துண்டு வாயிலிருந்து விழுந்தது, இன்னொன்றை விரல் விட்டு எடுத்தேன். அவளை எழுப்பி உட்கார வைக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மாமியாரோடு நடந்து போனாள். நோட்டில்: வலி இல்லை. பசி மயக்கம்.

ஒரு வருஷம் முடிந்தது. வளையம் மாற்ற வேண்டிய நாள் தாண்டியும் அவள் வரவில்லை. டாக்டரம்மா என்னைப் போய் அழைத்து வரச் சொன்னார். மத்தியான வேளையில் ஷெட்டுக்குப் பின்னால் போனேன். கையிலிருந்த சுண்ணாம்பைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, ஊட்ல வேலையில்லையா? இவ்ளோ தூரம்?"

"நாளு தாண்டிப் போச்சு பச்ச. வா, மாத்திக்கலாம்."

"நான் வர்ல."

"பழசு ரொம்ப நாளு நிக்காது. வயித்துல தங்கிட்டா இன்னா ஆவும்னு டாக்டரம்மா சொன்னாங்க இல்ல?"

"செத்துப் போவேன்னு சொன்னாங்க. சாவறேன். அந்த மேசையில இன்னொரு வாட்டி படுக்க மாட்டேன்."

எனக்கு வேறு வழி தெரியவில்லை. "மயக்க மருந்து குடுக்கச் சொல்றேன். தூங்கிடுவ. ஒண்ணும் தெரியாது" என்றேன்.

அவள் நாரைக் கீழே போட்டாள். "நீயா? நீ கேக்கப் போறியா? உனக்கு வாயின்னு ஒண்ணு இருக்குதாக்கா? என் வாயில தோல அடைச்சி வெச்சிட்டு, 'வலிக்கலைங்கம்மா'ன்னு எனக்காவ நீதான சொன்ன? நான் மயங்குற வரைக்கும் கேட்டுக்கினுதான் இருந்தேன். உனக்கா வலிச்சுது?"

பக்கத்தில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கேட்டு வாங்கிட்டு வந்து சொல்லு. அப்ப வர்றேன். இல்லன்னா போ, பேஜார் பண்ணாத."

திரும்பி நடந்து வரும்போது எனக்கு அவள் மேல் கோபமில்லை. நோட்டின் மேல் கோபம். அந்தத் துணியின் மேல் கோபம். எல்லாவற்றுக்கும் மேலே என் நாக்கின் மேல்.

டாக்டரம்மா அப்போதுதான் எழுதி முடித்து மை காயக் காத்திருந்தார். "பச்சையம்மாளுக்கு மயக்க மருந்து குடுத்தா வருவாளாம்மா" என்றேன்.

அவர் நோட்டைத் திருப்பினார். "போன வருஷம் வலி இல்லைன்னு எழுதியிருக்கே. குளோரோபார்ம் விளையாட்டு இல்லை சவுந்தரம். அதில உயிர் போயிருக்கு. தேவையில்லாத இடத்தில நான் குடுக்க மாட்டேன்."

அவர் சொன்னது நியாயம். அந்த நோட்டை நம்புகிறவருக்கு அது நியாயம்தான். "சரிங்கம்மா" என்று வெளியே வந்தேன். மருந்து கிடைக்காமல் போனால் அவள் வரமாட்டாள், செத்துப்போவாள். அதைத் தவிர என் மண்டையில் வேறொன்றும் இல்லை.

லைசால் பாட்டில்களுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டின் வைத்திருந்தேன். கடித்த தோல்களை அடுப்பில் போட்டால் நாற்றம் எடுக்கும், குப்பையில் போட்டால் பெருக்குகிறவள் கேட்பாள். அதனால் எல்லாவற்றையும் அதில் போட்டு அடைத்து வைத்திருந்தேன். அதைத் தூக்கிக்கொண்டு போய் டாக்டரம்மாவின் மேசையில் அப்படியே கவிழ்த்தேன். சில துண்டுகள் நீல நோட்டின் மேல் விழுந்தன.

"என்ன இது?"

"வாயில வெச்சிக்கினு கடிச்சதும்மா. வளையம் வெச்சவங்க."

ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் பதிந்த குழி ஒவ்வொன்றாகத் தெரிந்தது. இன்னொன்றை எடுத்தார். அப்புறம் இரண்டாகப் போன துண்டுகளை எடுத்துப் பொருத்திப் பார்த்தார்.

"அப்போ வலிக்கலைன்னு சொன்னது யார்?"

"நாந்தாம்மா."

"எல்லார்க்கும்?"

"எல்லார்க்கும்."

அவர் முகம் சிவந்தது. முதல் முறையாகக் குரல் உயர்ந்தது. "இத்தனை வருஷத்து நோட்டையும் பொய்யாக்கிட்டியே! இதை நம்பி நான் எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன்!"

அந்த இடத்தில்தான் எனக்குள் ஏதோ அறுந்தது. மேசை மேலே அத்தனை பேர் பல்லு கிடக்கிறது. இவருக்கு நோட்டுக் கவலை. நான் சொன்னேன். என் ஆயுசில் ஒரு மேலதிகாரியிடம் நான் பேசின ஒரே எதிர்ப்பேச்சு அது.

"ஒரு தரம் அந்தத் துணிய தூக்கி மூஞ்சப் பாத்திருக்கலாமேம்மா."

வேலை போய்விடும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அவர் துண்டுகளைத் தானே பொறுக்கி டின்னில் போட்டார். "வியாழக்கிழமை காலையில வெறும் வயித்தோட வரச்சொல்லு" என்றார். "நாடியை நீ விடக்கூடாது."

வியாழக்கிழமை பச்சையம்மா வந்தாள். மாமியார் வராந்தாவில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். குறுக்கே தொங்கின துணி அன்றைக்கு இல்லை. கயிறு மட்டும் கட்டினபடி இருந்தது. வாஸ்லின் தடவினேன். கம்பிக் கூட்டைப் பிடித்தேன். "மூச்ச நல்லா இழு பச்ச" என்றேன். அவள் என் கையைத் தடவிக்கொடுத்து, "கேட்டுட்டியாக்கா" என்றாள். சொட்டு விழுந்தது. கண் சொருகினது.

அப்புறம் அந்த நடுக் கட்டம். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள். பிறகு வாயைத் திறந்து, அந்தக் கட்டடமே அதிர்கிற மாதிரி கத்தினாள்:

"கத்தாத கண்ணு! வெளிய மாமியா இருக்கா! கத்தாத! கத்தாத!"

என் வார்த்தை, என் குரல் இழுக்கிற மாதிரியே. டாக்டரம்மா கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். என் விரல் நாடியில் இருந்தது, சொட்டை நிறுத்த முடியாது. அழக்கூட முடியவில்லை. தட்டி அந்தப் பக்கம் வெற்றிலை மெல்லுகிற சத்தம் நின்றது. நாற்காலி நகர்ந்தது. முடிந்தது, தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகப் போகிறாள் என்று நினைத்தேன்.

மாமியார் தட்டியை ஒட்டி வந்து நின்று சொன்னாள்: "ஏண்டி, நான் இன்னாடி பண்ணேன்? வலிச்சா கத்துடி! எவ வேணான்னது?"

பச்சையம்மாவுக்கு அது காதில் விழவில்லை. அதற்குள் மூச்சு ஒரே சீராக வர ஆரம்பித்துவிட்டது. முகத்தைப் பார்த்தேன். வலி இல்லாத முகம் எப்படி இருக்கும் என்று கூலிப் பெண் ஒருத்தியிடம் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். நம்பர் நாலு. நம்பர் அஞ்சு. ஆறு. புருவம்கூடச் சுருங்கவில்லை.

எழுந்ததும், "ஆச்சா? அவ்ளோதானா?" என்று கேட்டாள். வருஷா வருஷம் வந்து மாற்றிக்கொண்டாள், அதற்கப்புறம் அவள் பெறவில்லை. தங்கின இரண்டு பிள்ளைகளுக்கும் கல்யாணம் செய்து பார்த்துவிட்டுத்தான் போனாள்.

நோட்டில் டாக்டரம்மா என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. பழைய பக்கங்களில் 'வலி இல்லை' என்கிற வரிகளையெல்லாம் ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையால் அடித்திருந்ததைத் தூசி துடைக்கும்போது பார்த்தேன். அடித்தால் மட்டும் ஆயிற்றா? அந்த வரிகளுக்குள் படுத்திருந்தவர்களில் இரண்டாம் முறை வராமலே போனவர்கள் எத்தனை பேர், அவர்கள் என்ன ஆனார்கள் என்று நானும் போய்ப் பார்க்கவில்லை, அவரும் ஆள் அனுப்பவில்லை. பச்சையம்மாவுக்கு நான் நல்லது செய்ததாகச் சிலர் சொல்வார்கள். அவள் திட்டின பிறகு செய்தேன். திட்டத் தெரியாதவர்களுக்கு ஒன்றும் செய்யவில்லை.

நர்ஸ் பொண்ணே, முகாமுக்கு நான் வருகிறேன். எனக்கு மேடையில் பேச வராது, பேசச் சொல்லாதே. தலைமாட்டில் ஒரு ஸ்டூல் போடு. உங்கள் லூப்புக்கு அத்தனை கம்பி வேண்டாம், சீக்கிரம் முடிகிறது என்கிறாய். இருக்கலாம். படுக்கிறவள் சொல்லட்டும். குறுக்கே துணி கட்டாதே. யாராவது என்னைக் கேட்டால், வலிக்கும், வலித்தால் கத்து, கத்தினால் டாக்டர் கையை நிறுத்தட்டும் என்றுதான் சொல்வேன். வலிக்காது என்று அவளுக்குப் பதிலாக நான் சொன்னதெல்லாம் போதும்.